மறு: விளம்பர ஊசியா, திணிப்பா, இடைச்செருகலா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழாக்கும் மென்பொருளின் சரங்களில் (திரையில் காட்டும் சொற்றொடர்களில்) ஒன்றான ‘ஆட் இன்ஜெக்‌ஷன்’ என்பதற்கு எந்தச் சொல் வைப்பது என்பதுதான் பேச்சு. தளத்திலிருந்து பக்கம் நம் திரைக்கு வரும் வழியில், நமக்கு இணைப்புத் தரும் இணைய நிறுவனம் போன்ற ஒருவர் தன் விளம்பரத்தை அதில் நுழைத்துவிடுவதற்கு அப்படிப் பெயர். மூன்று நாளாக மடல்களைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கோவை ஐயா ‘ஊசி’யை விடமாட்டேன் என்கிறார். சேலத்துத் தம்பி ‘திணிப்பு’க்குக் கொடி பிடிக்கிறார். நடுவில் நானும் கொஞ்சம் செருகிக்கொள்கிறேன்.

> ‘ஆட் இன்ஜெக்‌ஷன்’ என்ற சரத்துக்கு ‘விளம்பர ஊசி’ போதுமே. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்று நம்மிடம் வழக்கே இருக்கிறது.

ஐயா, அந்த வழக்கில் ஒரு பாராட்டு ஒளிந்திருக்கிறது. நோகாமல் நாசூக்காகச் சொல்பவரைத்தான் அப்படிச் சொல்வோம். இணைய நிறுவனங்கள் செய்யும் வேலையில் நாசூக்கு எங்கே இருக்கிறது? அதுவும் போக, ஊசி என்றால் நாமே போய்க் கையை நீட்டிப் போட்டுக்கொள்வது. ‘விளம்பர ஊசி’ என்று திரையில் பார்ப்பவர் தடுப்பூசி விளம்பரம் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

> திணிப்பு என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

தம்பி, உண்மைதான். சிக்கலும் அதுதான். திணிப்பில், திணிப்பது யார் என்று திணிக்கப்படுபவருக்குத் தெரியும். தெரிவதால்தான் எதிர்த்துக் கோஷம் போட முடிகிறது. இங்கே நடப்பது வேறு. யார் செய்தார்கள் என்பதே தெரியாது, பழி வேறு ஒருவர் தலையில் விழும். காணொளிக்கு முன்னால் ஓடும் விளம்பரமும் திணிப்புதான், நாளிதழின் முதல் பக்கத்தை மூடிக்கொண்டு வரும் நகைக்கடை விளம்பரமும் திணிப்புதான். ஆனால் அவற்றைப் போடுபவர் அந்தத் தளத்துக்காரர், அந்தப் பத்திரிகைக்காரர். தன் வீட்டுச் சுவரில் அவர் எழுதிக்கொள்கிறார்.

என் அனுபவம் ஒன்று. நண்பர் ஒருவர் பழைய தளம் ஒன்றில் கட்டுரைகள் எழுதி வைத்திருக்கிறார். பூட்டுக்குறி இல்லாத, வெறும் எச்.டி.டி.பி. தளம், அதாவது பக்கம் வரும் வழியில் யாரும் படிக்கவும் மாற்றவும் முடிகிற தளம். ஒரு நாள் வீட்டு பிராட்பேண்டில் திறந்தால், கட்டுரைக்குக் குறுக்கே கடன் விளம்பரம் ஒன்று குதித்தது. உடனே போன் போட்டு, “என்னய்யா, நீயும் காசு பார்க்க ஆரம்பிச்சிட்டியா?” என்று கேட்டேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் தளத்தில் ஒரு விளம்பரமும் இல்லை என்று சத்தியம் செய்தார். கைபேசி இணைப்பில் திறந்து பார்த்தேன், இல்லை. வீட்டு இணைப்பில் மறுபடி பார்த்தேன், இருந்தது. மூல நிரலைத் திறந்தால், அவர் எழுதாத ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் (உலாவியில் ஓடும் நிரல்) கடைசியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. வழியில் யாரோ அவர் பெயரில் எழுதியிருக்கிறார்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்டது தனிக்கதை.

ஒரே பக்கத்துக்கு இரண்டு படிகள், இரண்டுக்கும் நடுவே பாடபேதம்! நம் பதிப்பாசிரியர்கள் ஏட்டுச்சுவடிகளை வைத்துக்கொண்டு செய்த வேலை இதுதானே? இந்தப் பாட்டு ஆசிரியர் எழுதியதில்லை, பின்னால் வந்த எவரோ நடுவில் நுழைத்தது என்று கண்டுபிடித்து அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். இடைச்செருகல். கம்பராமாயணப் பதிப்பில் மிகைப்பாடல்கள் என்று தனியே ஒதுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

எழுதியவரும் இல்லை, படிப்பவரும் இல்லை. சுவடி கைமாறும் வழியில் உட்கார்ந்திருந்த ஒருவர், எழுதியவர் பெயரிலேயே சேர்த்த சரக்கு. இந்த மூன்று கூறும் ஒரே சொல்லில் ஏற்கெனவே இருக்கும்போது புதிதாக எதற்கு ஆக்க வேண்டும்? என் பரிந்துரை: விளம்பர இடைச்செருகல்.

சொல் தாங்குமா என்று சில பழைய வழக்குகளில் உரசிப் பார்த்தேன்.

2008இல் அமெரிக்காவில் நெபுஆட் என்ற நிறுவனத்தின் கருவிகளைச் சில இணைய நிறுவனங்கள் தங்கள் வலையில் பொருத்தின. கூகுள் பக்கம் முடியும் இடத்தில் கூடுதலாக ஒரு பொதி (தரவுத் துண்டு) வருவதையும், அனுப்புநர் முகவரியில் கூகுளே அனுப்பியதுபோல இருப்பதையும் ஆய்ந்து வெளியிட்டார்கள். இடைச்செருகலுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்காது. ஆசிரியர் கையெழுத்தைப்போலவே எழுதிச் சேர்த்த ஓலை.

2007 டிசம்பரில் கனடாவின் ரோஜர்ஸ் என்ற இணைய நிறுவனம், கூகுள் முகப்பின் தலையிலேயே ‘தரவு வரம்பை நெருங்கிவிட்டீர்கள்’ என்கிற மாதிரி அறிவிப்பை ஏற்றியது. இது விளம்பரம் இல்லை. ஆகவே ‘இடைச்செருகல்’ என்பதைத் தனிச்சொல்லாக வைத்துக்கொண்டு, முன்னால் ‘விளம்பர’, ‘அறிவிப்பு’ என்று வேண்டியதைச் சேர்க்கலாம். ‘விளம்பர ஊசி’யில் விளம்பரத்தைக் கழற்றினால் மிஞ்சுவது வெறும் ஊசி.

அமெரிக்கக் கைபேசி நிறுவனமான வெரைசனின் வழக்கு கொஞ்சம் இடக்கானது. வாடிக்கையாளர் தளத்துக்கு அனுப்பும் கோரிக்கையின் தலைப்பகுதியில், அவரை அடையாளம் காட்டும் ஒரு குறியை வழியிலேயே சேர்த்தார்கள். 2016இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் 13.5 லட்சம் டாலர் தண்டம் போட்டது. இங்கே பக்கத்தில் ஒன்றும் மாறவில்லை, படிப்பவர் எழுதிய கடிதத்தில்தான் கைவைத்தார்கள். இதைத் ‘தலைப்பகுதி இடைச்செருகல்’ என்றால் பொருள் நிற்கிறது. ‘தலைப்பகுதித் திணிப்பு’ நிற்குமா, தம்பி நீங்களே சொல்லுங்கள்.

நம் ஊர்ப்பக்கம் எல்லாருக்கும் நினைவிருப்பது 2015 ஜூன். ஏர்டெல் 3ஜி இணைப்பில் தன் தளத்தைத் திறந்த பெங்களூரு நிரலர் ஒருவர், அதில் தான் எழுதாத ஜாவாஸ்கிரிப்ட் இருப்பதைப் பார்த்து, நிரலர்கள் நிரல் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டார். தரவுப் பயன்பாட்டை வாடிக்கையாளர் தெரிந்துகொள்வதற்கான ஏற்பாடு என்றது ஏர்டெல். நிரலுக்குச் சொந்தக்காரரான இஸ்ரேல் நிறுவனம், ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ், அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, பதிப்புரிமை மீறல் என்று! அடுத்தவர் காவியத்தில் நாலு பாட்டைச் செருகிவிட்டு, அதைச் சுட்டிக்காட்டிய பதிப்பாசிரியர் மேல் வழக்குப் போடுவேன் என்பது போல. பாட்டுச் செருகிய எந்தத் தம்பிரானுக்கும் இந்தத் துணிச்சல் வந்திருக்காது.

‘.காம்’ முகவரிப் பட்டியலைப் பராமரிக்கும் வெரிசைன் நிறுவனம் 2003இல் செய்தது இந்தச் சொல்லுக்குள் வராது. இல்லாத முகவரியைத் தட்டியவர்களையெல்லாம் தன் தேடல் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அது திசைதிருப்பல். சரத்தில் இரண்டையும் குழப்பிவிட வேண்டாம்.

> ‘செருகி’ என்பதை உலாவியின் பிளகினுக்கு (துணை நிரலுக்கு) ஏற்கெனவே வைத்துவிட்டோமே? மோதாதா?

திருச்சித் தங்கையின் கேள்வி நியாயமானது. வெறும் ‘விளம்பரச் செருகல்’ என்று போட்டால் மோதும். விளம்பரம் தடுக்கும் செருகி, விளம்பரம் செருகும் கருவி, இரண்டும் ஒரே வரியில் வந்தால் படிப்பவர் தலை சுற்றிவிடும். ‘இடை’ முன்னால் நின்றால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வலையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யும் பெட்டியை ‘இடைச்செருகி’ என்று சொல்லத் தயங்குகிறேன், ‘இடைச்செருகு கருவி’ என்றே இருக்கட்டும். சிலர் ‘சொருகல்’ என்றும் எழுதுகிறார்கள். பேச்சில் எனக்கும் அதுதான் வரும். கலைச்சொல் கோப்பில் ஒரே வடிவம் இருந்தால்தான் தேடினால் கிடைக்கும். ‘செருகல்’ என்றே வைப்போம். ‘ச்’ கட்டாயம், நடுவில் இடைவெளி கூடாது.

> புலவர் சொல்லாக இருக்கிறது. கடைக்காரருக்குப் புரியுமா?

பள்ளியில் தமிழ் படித்தவர் ஒரு தடவையாவது கேட்டிருப்பார். கேட்காதவருக்கும் இடையில் செருகியது என்று சொல்லே பொருளைக் காட்டிவிடும். இன்ஜெக்‌ஷனுக்கு நேர்ச்சொல்லான ‘உட்செலுத்தல்’ பேச்சில் அதைவிட அன்னியம். தரவுத்தளத்துக்குள் கெட்ட கட்டளையை நுழைக்கும் இன்ஜெக்‌ஷனுக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும், அங்கே நடுவில் ஆள் கிடையாது.

‘விளம்பரக் கலப்படம்’ என்று நேற்றிரவு வந்த மடல் என்னை ஒரு நிமிடம் ஆட்டிவிட்டது. வழியில் பாலில் தண்ணீர் ஊற்றுபவர் கண்முன் வந்துவிட்டார். ஆனால் கலந்ததைப் பிரிக்க முடியாது. செருகியதைப் பிடுங்கி எறியலாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2007இல் இதைத்தான் செய்தார்கள். தாங்கள் அனுப்பிய பக்கமும் போய்ச்சேர்ந்த பக்கமும் ஒன்றா என்று ஒப்பிட ஒரு சிறு நிரலைப் பக்கத்துக்குள்ளேயே வைத்தார்கள். ஏறத்தாழ 50,000 வருகையாளர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் மாறிய படி போயிருந்தது. பெரும்பாலும் அவரவர் கணினியிலிருந்த மென்பொருள்கள் செய்த மாற்றம்தான், இணைய நிறுவனங்கள் செய்ததும் இருந்தது. சுவடி ஒப்பிடும் வேலையை நிரல் செய்திருக்கிறது.

பூட்டுக்குறியோடு வரும் எச்.டி.டி.பி.எஸ். பரவிய பிறகு இந்தச் சொல் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். பூட்டிய பக்கத்தில் இப்படிச் செருக முடியாது, சரி. பூட்டாத தளங்கள் இன்னும் இருக்கின்றன, என் நண்பருடையது உட்பட. பூட்டுக்கு வேண்டிய சான்றிதழை அவருக்குப் போட்டுத் தருவதாகச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது.

கோப்பில் 14ஆம் சரத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்: “இந்தப் பக்கத்தில் வழியில் இடைச்செருகல் நடந்திருக்கலாம். இது தள உரிமையாளர் எழுதியதாக இல்லாமல் இருக்கலாம்.” இரண்டு ‘இருக்கலாம்’ உறுத்துகிறது. முதலாவதை எடுத்தால் மென்பொருள் உறுதியாகக் குற்றம் சாட்டுவதாகிவிடும், இரண்டாவதை எடுத்தால் வாக்கியம் நிற்கவில்லை. யாருக்காவது நல்ல வழி தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றைக்குத்தான் கோப்பை மேலேற்றுகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து