கொரங்காட்டுப் புல்லை மட்டும் நம்பிக் காங்கேயம் தாய்மாடுகளை வளர்க்க முடியுமா?

மூலனூர்க்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மூலனூர் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு 12 ஏக்கர் கொரங்காடு, அதாவது உயிர்வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம், இருக்கிறது. தாத்தா நட்ட கிளுவை வேலி அதை நான்கு துண்டுகளாகப் பிரித்து நிற்கிறது. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் உண்டு. இப்போது 6 தாய்மாடுகள், 3 கிடாரிகள், இனவிருத்திக்கு ஒரு பூச்சிக்காளை ஆகியவற்றை வைத்திருக்கிறோம். காங்கேயம் மாடு நாளைக்கு 2 லிட்டர் கறந்தாலே பெரிது என்பதால் பாலைக் கன்றுக்கே விட்டுவிட்டு, தேறிய கன்றுகளைச் சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிச் செல்வதுதான் அப்பா காலத்து வழக்கம். ஆனால் கடந்த இரண்டு கோடைகளிலும் புண்ணாக்குக்கும் பருத்திக்கொட்டைக்கும் செலவிட்ட பணம், கன்று விற்ற காசில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. வெளித் தீவனம் வாங்காமல் இந்தக் காட்டில் எத்தனை மாடுகளை வைத்துக்கொள்ளலாம்? காளை வந்து நான்காவது ஆண்டு நடக்கிறது, அதையே தொடரலாமா?

வெள்ளகோவில் விவசாயி:

தம்பி, உங்கள் செலவுக்குக் காரணம் கோடை அல்ல, மழைக்காலத்தில் நீங்கள் காட்டை மேய்த்த விதமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். முதல் மழை விழுந்து பச்சை தெரிந்தவுடன் நான்கு துண்டுகளையும் திறந்துவிட்டால், கொழுக்கட்டைத் தூர் வேரில் சேர்த்து வைத்திருந்த சத்தையெல்லாம் செலவழித்து விட்ட தளிர் அப்படியே மாட்டின் வாய்க்குப் போய்விடும். அடுத்த தளிர் விட அதற்குத் தெம்பு இருக்காது. இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படி நடந்தால் தூர் செத்து, அந்த இடத்தில் மாடு முகர்ந்துவிட்டு விலகிப்போகும் ஊசிப்புல் ஏறிவிடும். நாளைக் காலையில் காட்டுக்குள் நடந்து, ஒரு தூரைக் கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள். அது பிடுங்கிக்கொண்டு வந்தால் காடு களைத்துப்போயிருக்கிறது என்று பொருள்.

என்னுடைய 15 ஏக்கரில் 7 தாய்மாடுகளுக்கு மேல் வைப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு துண்டு, ஐப்பசி மழையில் கதிர் விட்டுப் பஞ்சு போன்ற விதை உதிரும்வரை, படல் சாத்தியே கிடக்கும். அதன் பிறகு மாடு இறங்கினால் குளம்பே விதையை மண்ணில் மிதித்துவிடும். மாசியிலிருந்து வைகாசிவரை அந்தத் துண்டில் நிற்கும் காய்ந்த புல்லும், உதிரும் வெள்வேலங்காயும், ஒரு போர் சோளத்தட்டும்தான் என் கோடைக் கையிருப்பு. தட்டுக்காக இரண்டு ஏக்கரில் மானாவாரிச் சோளத்தை நெருக்கி விதைக்கிறேன். அது விலைக்கு வாங்கியது அல்லவே.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

மேய்ச்சலைப் பற்றி ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். கணக்காகப் பார்த்தால், 350 கிலோ எடையுள்ள ஒரு தாய்மாட்டுக்கு நாளைக்கு ஏறத்தாழ 8 கிலோ உலர்தீவனம் வேண்டும். நான்கு மாதக் கோடைக்கு மாடு ஒன்றுக்கு ஒரு டன். அதில் பாதியைக் காடு தந்தாலும் மீதி அரை டன் தட்டோ கடலைக்கொடியோ போரில் இருக்க வேண்டும். காய்ந்த புல்லில் புரதமும் பாஸ்பரசும் மிகவும் குறைந்துவிடும் என்பதால், தாதுஉப்புக் கலவையை மட்டும் வெளியில் வாங்கத் தயங்காதீர்கள். சினைப் பருவத்துக்கு வராத மாட்டை மலடு என்று விற்ற பல இடங்களில், பசியும் தாதுக் குறைவுமே காரணமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

காளையைப் பொறுத்தவரை என் பதில் உறுதியானது: இந்த ஆண்டே மாற்றுங்கள். அதற்குப் பிறந்த கிடாரிகள் இரண்டரை, மூன்று வயதில் பருவத்துக்கு வந்துவிடும். தந்தையோடு மகள் சேர்ந்தால் பிறக்கும் கன்றின் உள்ளினச்சேர்க்கை அளவு 25 விழுக்காடு. சவலைக் கன்றும், சினை தங்காத கிடாரியும் ஒரே தலைமுறையில் தென்படலாம். நல்ல காளையைக் கழிக்க மனம் வராது என்பது தெரியும். அதை விற்க வேண்டியதில்லை. உறவுத் தொடர்பில்லாத மந்தை வைத்திருப்பவரிடம் காளைக்குக் காளை மாற்றிக்கொள்ளுங்கள். வரப்போகும் காளையை மட்டுமல்லாமல் அதன் தாயையும், முடிந்தால் அது போட்ட கன்றுகளையும் நேரில் பாருங்கள். காங்கேயம் கன்று செந்நிறமாகப் பிறந்து, ஆறு மாதவாக்கில் மயிலை எனப்படும் சாம்பல் நிறத்துக்குத் திரும்பும். மாற்றுவதற்கு முன் அந்தக் காளைக்குக் கருச்சிதைவு நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்வது கட்டாயம். உங்கள் கிடாரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் அதற்கான தடுப்பூசியை ஒருமுறை போட்டுவிடுங்கள்.

மூலனூர்க்காரன்:

இருவருக்கும் மிக்க நன்றி. காலையில் காட்டுக்குள் போய்ப் பார்த்தேன். கிணற்றோரத் துண்டில் தூர் அசையவே இல்லை. வீட்டை ஒட்டிய துண்டில் பத்துக்கு நான்கு கையோடு வந்துவிட்டன. தினமும் மாலையில் மாடுகள் வந்து நிற்பது அங்கேதான். அந்தத் துண்டை இந்த ஐப்பசி முடியும்வரை மூடிவிடுகிறோம். இரண்டு தாய்மாடுகளைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பவும் அப்பா சம்மதித்துவிட்டார். காளையை மாற்றத்தான் அவருக்கு மனமில்லை. அந்த 25 விழுக்காட்டுக் கணக்கை இன்றிரவு அவரிடம் காட்டப் போகிறேன்.

வெள்ளகோவில் விவசாயி:

மூடும் துண்டில், புல் செத்த வெற்றிடங்களைக் கலப்பையால் லேசாகக் கீறிவிட்டு, கிணற்றோரத்துக் கதிரையே உருவித் தூவுங்கள் தம்பி. உருவிய விதையைச் சில மாதங்கள் சாக்கில் ஆறப்போட்டு, அடுத்த மழைக்குத் தூவினால்தான் நன்றாக முளைக்கும்.