ஸாப்ஃபினோ என்ற, நீண்ட வால்களோடு கையெழுத்து போல வரும் ஆங்கில எழுத்துருவோடு உங்கள் அனுபவம்?

வளைகோடு:
கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம். மணமகள் பெயர் ஸாப்ஃபினோவில்தான் வேண்டும், அதுவும் முழுக்க கேப்பிடலில் என்று பெண்ணின் அப்பா பிடிவாதம். போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தின் வாலும் பக்கத்து எழுத்தின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு நின்றது. கூட வந்த பாட்டி, ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சர், கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "பேத்தி பேரு எங்கேப்பா?" என்றார். அப்பா அசையவில்லை. அப்படியே சிவகாசிக்குப் போனது. பாட்டியின் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

மைக்கூடு:
எனக்கு மறக்காதது வேறு. மேக்கில் அந்த எழுத்துருவின் பெயரையே ஆங்கிலத்தில் அடித்தேன். கடைசி 'ஓ' விழுந்ததுதான் தாமதம், ஏழு எழுத்தும் சட்டென்று உருமாறி ஒரே முத்திரையாகிவிட்டது! அடித்து அழித்து, திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஜெர்மன் எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாப்ஃப் 1944இல், போர் நடக்கும்போது, கையால் எழுதிய எழுத்து இது. பிறகு ஈய அச்செழுத்தாக அவர் செய்த விர்ச்சுவோசா எழுத்துருவில் இந்த வீச்சு முழுசாக வரவில்லை. ஈயக்கட்டையை மீறி வால் எவ்வளவு தூரம் நீள முடியும்? லைனோடைப் என்ற எழுத்துரு நிறுவனம் மூலம் இது 1998இல் வந்தபோது அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. அத்தனை காலம் ஒரு மனிதர் அந்தக் கோடுகளை விடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிசு.

கட்டம்:
வளைகோடு தம்பி, அப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. கேப்பிடலோடு சேர்த்து, முதல் எழுத்து மட்டும் பெரிதாக இன்னொரு ப்ரூஃபும் கொடுத்திருக்க வேண்டும். நானும் பட்டிருக்கிறேன்: ஒரு அழைப்பிதழில் 'ஒய்'யின் வால் கீழ்வரியில் இறங்கி முகூர்த்த நேரத்தையே வெட்டியது. அதனால் சொல்கிறேன். வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். பெயர் இரண்டு மட்டும் இதில் இருக்கட்டும். முகவரி, தேதி எல்லாம் கேரமாண்ட் மாதிரி சாதாரண எழுத்துருவில் போடுங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டாதீர்கள், சில மென்பொருளில் ஒன்றாக இணைந்து வரும் கூட்டெழுத்துகள் பிரிந்துவிடும். ஒரே எழுத்துக்குப் பல வடிவம் இருக்கிறது. அந்த வடிவங்களைக் காட்டும் கிளிஃப் பட்டியலைத் திறந்து, இடிக்காத வாலைத் தேடி எடுங்கள். அச்சகத்துக்கு அனுப்புமுன் கர்வ் ஆக்கிவிடுங்கள், அதாவது எழுத்தை வெறும் கோட்டுப் படமாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே வேறு எழுத்துரு ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

வளைகோடு:
இரண்டு ப்ரூஃபும் கொடுத்தேன் அண்ணே. பாட்டி இரண்டாவதைத்தான் கையில் எடுத்தார். பணம் கொடுப்பவர் முதலாவதை எடுத்தார்.

தங்கத்தாள்:
கர்வ் ஆக்கினால் மட்டும் போதாது, கட்டம் அண்ணே. கோல்டு ஃபாயில் வேலைக்கு மெல்லிய கோடுதான் எமன். எங்கள் கார்டு ஒன்றில் 'டி'யின் மேல்வீச்சு பாதியில் அறுந்து, தாளில் வெறும் பள்ளம் மட்டும் தெரிந்தது. மாப்பிள்ளை அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுத்தைப் பெரிதாக்கி, புது பிளாக் (அச்சுக்கட்டை) எடுத்து அடித்த பிறகுதான் வாங்கிக்கொண்டு போனார்.