ஐயாவின் தகரப் பெட்டியில் 64 கிராமபோன் தட்டுகள்: கழுவுவதா, விற்பதா?

தேவகோட்டைப் பேரன்

அனைவருக்கும் வணக்கம். பாகப்பிரிவினைக்காகத் தேவகோட்டையில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை ஒழித்தபோது, பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினோம். அப்பாவைப் பெற்ற ஐயா சேர்த்து வைத்த 64 இசைத்தட்டுகள், பதினொரு சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், துருவேறிய ஊசி டப்பா ஒன்று ஆகியவை அதில் இருந்தன. கிராமபோன் பெட்டி எப்போதோ சித்தப்பாவின் வீட்டுக்குப் போய்விட்டதால், என்னிடம் தட்டு இருக்கிறது, கேட்கக் கருவி இல்லை.

தட்டுகளில் தியாகராஜ பாகவதர் பாடியவை எட்டு, கிட்டப்பா பாடியவை ஐந்து. நாதஸ்வரம், கதாகாலட்சேபம், நகைச்சுவை என்று பலவும் உள்ளன. ஒரு நாடகத் தொகுப்பு ஆறு தட்டுகள் கொண்டது. அதில் 7, 8 என்று பக்க எண்ணிட்ட தட்டை மட்டும் காணவில்லை. இன்னொரு தட்டில் ஒரு பக்கம் மட்டுமே வரிகள் உள்ளன, மறுபக்கம் மொழுமொழுவென்று வெறுமையாக இருக்கிறது. பெரும்பாலானவற்றில் வெண்ணிறப் பூஞ்சை படிந்திருக்கிறது. காரைக்குடியில் பழம்பொருள் வியாபாரம் செய்யும் ஒருவர், பெட்டியோடு சேர்த்து ஆறாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார். இந்த வினைல் தட்டுகளை எதைக்கொண்டு துடைப்பது, எவை அரியவை, கொடுத்துவிடலாமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஊசிமுனை

முதலில் ஒரு திருத்தம். உங்களிடம் இருப்பவை வினைல் தட்டுகள் அல்ல. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் அரக்குத் தட்டுகள். இந்த வேறுபாடு தெரியாமல் துடைத்தால் தட்டே போய்விடும் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன். அரக்கும் கல்தூளும் கரியும் கலந்து வார்த்த இந்தத் தட்டுகள் சாராயத்தில் கரையும். வினைலுக்கு என்று கடைகளில் விற்கும் துடைப்பு நீர் பலவற்றில் சாராயச் சத்து உண்டு. நான் இதை ஏட்டிலிருந்து படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன், ஒரு வயலின் தட்டின் மீதிருந்த எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க, மருந்துக்கடையில் வாங்கிய ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒரே ஒரு சுற்றுத் துடைத்தேன். பஞ்சு காப்பிக் கறையாக மாறியது, தட்டின் பளபளப்பு மங்கியது, விரல் வைத்த இடம் ஒட்டியது. அந்தப் பக்கத்தை இன்று ஓட்டினால் வயலினுக்குப் பதிலாக வாணலியில் கடுகு வெடிக்கும் ஓசைதான் கேட்கும்.

காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு துளி விட்டு, குழந்தைகளுக்கான மெல்லிய பல்துலக்கியால் வரியின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் நீரால் ஒற்றி எடுத்து, மெல்லிய துணியால் உடனே ஈரம் போக்கிவிடுங்கள். நடுவிலுள்ள காகிதச் சீட்டில் நீர் படவே கூடாது. பூஞ்சையைத் தட்டும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

கழுவுவதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் நடுத்துளையில் விரல் நுழைத்துத் தொங்கவிட்டு, விளிம்பில் நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல தட்டு மண்பானைபோல் ஓசை கொடுக்கும். மயிரிழை விரிசல் இருந்தால் ஓசை செத்துப்போய் இருக்கும். விரிசலுள்ள தட்டை நனைத்தால் நீர் உள்ளே இறங்கி விரிசல் பெருகும். பிறகு எல்லாவற்றையும் அலமாரியில் நூல்களைப்போல் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் கால் கிலோவை நெருங்கும் எடையுள்ளது. படுக்கவைத்து அடுக்கினால் அடியிலிருப்பது முறிந்துவிடும்.

மூர்மார்க்கெட் வாசகன்

1985-இல் எரிந்துபோகும் வரை, சென்னை மூர் மார்க்கெட்டில் பள்ளிப்பருவம் முதல் தட்டுப் பொறுக்கியவன் நான். இத்துறைக்குப் புதிதாக வருவோர் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. பாடியவரின் புகழை அளவாகக்கொண்டு தட்டின் அருமையை மதிப்பிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. பாகவதரின் தட்டுகள் தமிழகம் முழுவதும் விற்றுத் தீர்ந்தவை, ஆகவே இன்றும் ஊர் தவறாமல் கிடைக்கின்றன. உங்களிடமுள்ள எட்டும் ஐயாவின் கைபட்டவை என்பதால் உங்களுக்குப் பெரியவையாக இருக்கலாம், சேகரிப்பாளருக்கு அல்ல. நீங்கள் ஒரே சொல்லில் கடந்துபோன கதாகாலட்சேபமும் நகைச்சுவையும்தான் என் தூக்கத்தைக் கெடுக்கின்றன. குறைவாக விற்றவை, பாடியவர் பெயரை இன்று யாரும் அறியாதவை, மறுபதிப்புக் காணாதவை ஆகியவையே அரிய தட்டுகள்.

கிட்டப்பா இவ்விரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறார். 1933-இல், தம் 27-ஆம் வயதில் மறைந்த அவர் ஒரு பேசும்படத்திலும் நடிக்கவில்லை. மேடையைக் கட்டியாண்ட அந்தக் குரலுக்கு இசைத்தட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்த ஐந்தையும் தனியே எடுத்து வையுங்கள்.

ஒற்றைப் பக்கத் தட்டுதான் பெட்டியிலேயே மூத்ததாக இருக்கவேண்டும். தொடக்கக் காலத்தில் ஒரு பக்கம் மட்டுமே பதிந்தார்கள். கல்கத்தாவில் 1908-இல் ஆலை தொடங்கும் வரை, இங்கே பதிந்த மூலங்கள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குச் சென்று தட்டுகளாகத் திரும்பின. உங்கள் தட்டின் சீட்டில் ‘ஹானோவர்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாட்டின் முடிவில் பாடகர் தம் பெயரைத் தாமே சொல்லும் வழக்கமும் அக்காலத்ததுதான். 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான் ‘மை நேம் ஈஸ் கௌஹர் ஜான்’ என்று ஆங்கிலத்தில் முடிப்பது, அயல்நாட்டு ஆலைக்காரர்கள் எந்தத் தட்டு எவருடையது என்று அடையாளம் காண்பதற்காகத்தான் என்பார்கள். வரிகள் முடிந்து சீட்டுத் தொடங்கும் இடைவெளியில் பொறித்துள்ள எண்களை, சாய்வான வெளிச்சத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சீட்டு கிழிந்தாலும், பதிவு எது என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

காகித உறைகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எந்த ஊர்க் கடையில், என்ன விலைக்கு வாங்கியது என்ற முத்திரை அவற்றில்தான் இருக்கும். ஆனால் உறையும் தட்டும் பொருந்தும் என்று நம்பவேண்டாம். கல்யாண வீட்டில் ஓட்டிவிட்டுக் கைக்குக் கிடைத்த உறையில் செருகுவது எல்லோர் வழக்கமும்.

சுருதிப்பெட்டி

கேட்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சித்தப்பாவிடமிருந்து கிராமபோனை வாங்கி, ஆசைக்குக்கூட ஓட்டிவிடாதீர்கள். அதில் ஊசியைத் தாங்கி ஒலியெழுப்பும் ஒலிப்பேழையின் கனம் முழுவதும் ஓர் எஃகு ஊசியின் முனையில் இறங்குகிறது. தட்டிலுள்ள கல்தூள் ஊசியைத் தன் வரிக்கு ஏற்பத் தீட்டிக்கொள்ளும் என்ற கணக்கில்தான் தட்டை வார்த்தார்கள். ஆகவே பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது அக்கால விதி. தீட்டப்பட்ட பழைய ஊசியையே மறுபடியும் வைத்தால் அது உளியாகி வரியைச் செதுக்கிவிடும். டப்பாவிலுள்ள துருப்பிடித்த ஊசிகள் அழகுக்கு மட்டும் இருக்கட்டும், டப்பாவைச் சேகரிப்பவர்களும் உண்டு.

78 வேகம் உள்ள மின்சுழல் தட்டில், மூன்று மில் எனப்படும் அகன்ற முனை ஊசியைப் பொருத்திக் கணினியில் பதிவு செய்யுங்கள். வினைலுக்கான ஒரு மில் ஊசி இந்த அகன்ற வரியின் அடிவரை இறங்கி, அங்குள்ள குப்பையையெல்லாம் உழுதுகொண்டு போகும்.

இன்னொரு நுட்பம், கர்நாடக இசைக்கு இன்றியமையாதது. முற்காலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிந்தவை அல்ல. 80-இல் பதிந்ததை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழக் கால் கட்டை இறங்கும், பாடகரின் குரலும் சற்றே தடிக்கும். முந்தைய தலைமுறைப் பெண்கள் எல்லோரும் ஆண்குரலில் பாடினார்கள் என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம், எந்த வேகத்தில் கேட்டார்கள் என்று கேட்கத் தோன்றும்.

பதிந்ததை வலைத்தளத்தில் ஏற்றுவதானால், நம் நாட்டில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்பதையும், பாடலை இயற்றியவரின் உரிமை அவருடைய மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் தொடர்வதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கோட்டையூர்க்காரி

எல்லோரும் தட்டையே பேசுகிறீர்கள். அந்தப் பதினொரு பாட்டுப் புத்தகங்களை யாரும் கண்டுகொள்ளவில்லையே! கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்று, படம் முடிந்ததும் வேர்க்கடலை மடிக்கப் போன காகிதம் அது. கதைச்சுருக்கத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, முடிச்சு இறுகும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள். படச்சுருள் அழிந்துபோன பல பழைய படங்களுக்கு நம்மிடம் எஞ்சியிருப்பது அந்தப் பாதிக்கதைதான். நடுவிலுள்ள இரும்புக் கம்பிப் பின்களை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிடுங்கள், துரு காகிதத்தைத் தின்றுவிடும். லேமினேஷன் செய்யவே கூடாது. ராமபாணப் பூச்சிக்கு அஞ்சிப் பாச்சை உருண்டையைப் பக்கங்களுக்கு நடுவில் வைப்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் தவறு.

விற்பதைப் பற்றி மேலே யாரும் வாய் திறக்கவில்லை. கிடைக்கக்கூடியவற்றை விற்று, அரியவற்றை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை உங்களுக்கு வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேவகோட்டையில் ஒரு குடும்பம் பாகவதரையும் காலட்சேபத்தையும் நகைச்சுவையையும் ஒரே பெட்டியில் வைத்துக் கேட்டது என்பதே ஒரு செய்தி. பிரித்தால் அந்தச் செய்தி போய்விடும். எங்கள் ஊரில் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களும் துண்டறிக்கைகளும் சிதறாமல் மொத்தமாகச் சென்னைக்குப் போனதால்தான், அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் இன்று அறிஞர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள். முதலில் 64-க்கும் பட்டியல் எழுதுங்கள். பட்டியல் இல்லாமல் சொல்லப்படும் எந்த விலையும், ஆறாயிரமானாலும் அறுபதாயிரமானாலும், கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லும் விலைதான்.

மூர்மார்க்கெட் வாசகன்

அம்மையார் சொல்வது முறைதான். ஆயினும் இடமும் பணமும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மூன்று பிரதிகள் இருக்கும் பாகவதர் தட்டில் ஒன்றை விற்று மூன்று மில் ஊசி வாங்குவதை நான் குற்றமாகக் கருதமாட்டேன்.

தேவகோட்டைப் பேரன்

எல்லோருக்கும் நன்றி. மூன்று இரவுகள் உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். நகத்தால் தட்டிப் பார்த்ததில் நான்கு தட்டுகளின் ஓசை செத்திருந்தது, அவற்றை நனைக்காமல் தனியே வைத்துவிட்டேன். ஒற்றைப் பக்கத் தட்டின் சீட்டில் ஹானோவர் என்ற சொல் இருக்கிறது. பாடியவர் பெயர் பாதி கிழிந்துவிட்டது, ஆனால் பொறித்த எண் தெளிவாகத் தெரிகிறது. வியாபாரியிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். பாகவதரில் இரட்டைப் பிரதி எதுவும் இல்லை, ஆகவே ஊசிக்கு என் சொந்தப் பணம்தான்.

மேலும் ஒன்று. உறையை நம்பாதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். பாகவதரின் எட்டு உறைகளையும் பிரித்தேன். ஏழில் பாகவதர் இருந்தார். எட்டாவதில் நாடகத்தின் 7, 8 பக்கங்கள் இருந்தன. இப்போது ஒரு பாகவதர் தட்டு குறைகிறது. சித்தப்பா வீட்டுக் கிராமபோன் மேலேயே அது கிடக்கக்கூடும் என்று அப்பத்தா சொல்கிறார்.