மானுடவியல், சமூகவியல் படிக்க வெளிநாடு வந்தவர்களுக்கு: இன்டர்ன்ஷிப், சர்வீஸ் லேர்னிங் தொடங்கும் முன்

புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு வணக்கம். கம்ப்யூட்டரோ இன்ஜினியரிங்கோ படிக்க வருபவர்களுக்கு வழி சொல்ல, முன்னால் வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மானுடவியலுக்கும் சமூகவியலுக்கும் வருபவர்கள் குறைவு. யாரைக் கேட்பது என்று தெரியாமல், கிடைத்த தொண்டு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டு, அப்புறம் விசாவிலோ ஆய்வு அனுமதியிலோ சிக்கித் தவிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்டர்ன்ஷிப்பும் சர்வீஸ் லேர்னிங்கும் வேறு வேறு. இன்டர்ன்ஷிப் என்றால் ஒரு நிறுவனத்தின் அன்றாட வேலையைச் செய்து தொழில் பழகுகிறீர்கள். சர்வீஸ் லேர்னிங் ஒரு பாடத்தின் பகுதி. அங்கே உள்ளூர் மக்களுக்குத் தேவையான ஒரு வேலை, வகுப்பில் படிக்கும் கட்டுரைகள், இரண்டையும் சேர்த்து யோசித்து எழுதுவது என்று மூன்றும் இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. அதிலிருந்து என்ன கற்றீர்கள் என்பதற்குத்தான். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே ஆகியோர் இந்தப் பெயரில் இதை வளர்த்தார்கள். 1979-இல் சிக்மன் இதற்கு மூன்று கொள்கைகளை எழுதினார். அவற்றில் முதலாவது, சேவையைப் பெறுகிறவர்கள்தான் அந்தச் சேவையைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது. எந்த இடத்தில் சேரலாம் என்று யோசிக்கும்போது இந்த ஒன்றை மட்டும் பொருத்திப் பாருங்கள், பாதி இடங்கள் தானாகவே கழிந்துவிடும். "மாணவர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு ஏதாவது வேலை கண்டுபிடிக்க வேண்டும்" என்று ஓர் அமைப்பு சொன்னால், அந்த ஏற்பாடு உங்களுக்காக நடக்கிறது, மக்களுக்காக நடக்கவில்லை.

சரி, விசா. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். கடைசி வார்த்தை உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துடையது. அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் வளாகத்துக்கு வெளியே பயிற்சி எடுக்க சிபிடி (படிப்பின் பகுதியான பயிற்சிக்கான) அனுமதி தேவை. பயிற்சி உங்கள் பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும், பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும், பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அது பதிவான பிறகுதான் வேலையில் கால் வைக்கலாம். முழுநேர சிபிடி 12 மாதங்களை எட்டினால் அதே நிலைப் படிப்புக்கான ஓபிடி, அதாவது படிப்பு சார்ந்த வேலை செய்யத் தரும் தற்காலிக அனுமதி, போய்விடும். பொதுவான மானுடவியல், சமூகவியல் பட்டங்கள் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை. எனவே கம்ப்யூட்டர் படிக்கும் நண்பருக்குக் கிடைக்கும் 24 மாத ஓபிடி நீட்டிப்பை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பாடக்காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். சம்பளமில்லாத வேலையிலும் அங்கே ஒரு வேறுபாடு உண்டு. தொண்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், ஊழியர்களுக்குத் துணையாக விருப்பப்பட்டு உதவினால் அது அந்த 20 மணி நேரத்தில் சேராது. குறிப்பிட்ட நேரம், கட்டாயக் கடமை என்று கட்டுப்பாடு வந்துவிட்டால், காசு வாங்காவிட்டாலும் சேரும். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். படிப்பின் பகுதியாகப் பதிவான பயிற்சி அதில் சேராது. ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாட்கள். பாடத்திட்டம் கட்டாயமாக்கும் பயிற்சி அதில் கழியாது. எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒன்று சொல்வேன்: சம்பளம் இல்லை, அதனால் அனுமதி வேண்டாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

போலீஸ் சரிபார்ப்பையும் மறந்துவிடாதீர்கள். குழந்தைகள், முதியோர், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருடன் வேலை என்றால் பிரிட்டனில் டிபிஎஸ், கனடாவில் வல்னரபிள் செக்டர் செக், ஆஸ்திரேலியாவில் அந்தந்த மாநிலத்தின் குழந்தைகள் பணிச் சரிபார்ப்பு என்று கேட்பார்கள். சொந்த நாட்டின் போலீஸ் சான்றிதழையும் சேர்த்துக் கேட்கும் இடங்கள் உண்டு. வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் செமஸ்டர் தொடங்கும் முன்பே விண்ணப்பியுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். வேலைக்காக ஓரிடத்தில் சேர்ந்தீர்கள் என்பதால் அங்கே இருப்பவர்களை ஆய்வு செய்யும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது.

ஓர் உணவு வங்கியில் பொட்டலம் கொடுக்கும் வேலை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் நிற்கிறவரிடம், "என் ஆய்வுக்காகக் கொஞ்சம் பேசலாமா?" என்று கேட்கிறீர்கள். அவர் சரி என்கிறார். அந்தச் சரிக்கு என்ன மதிப்பு? பொட்டலம் உங்கள் கையில் இருக்கிறது. மறுத்தால் அடுத்த வாரம் கிடைக்காதோ என்ற பயம் அவருக்கு இருக்கலாம், அதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது மாறாது. ஒப்புதல் என்பது மறுக்கும் வசதி உள்ளவர் தருவது. அகதிகள் மையம், இலவசச் சட்ட உதவி, மருத்துவமனை, சிறைக் கல்வித் திட்டம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இந்தக் கட்டுப்பாடுகள் சும்மா வந்தவை அல்ல. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசுச் சுகாதாரத் துறையே கவனித்துக்கொண்டிருந்தது. அது வெளியே தெரிந்த பிறகு 1974-இல் ஒரு சட்டம் வந்தது. ஐஆர்பி எனும் ஆய்வு நெறிக்குழுக்கள் அதன் வழியாகத்தான் கட்டாயமாயின. அது மருத்துவ ஆய்வு, நாம் வெறுமனே பேசிப் பழகுகிறவர்கள்தானே என்று நினைக்காதீர்கள். ஆவணங்கள் இல்லாமல் வாழும் ஒருவரைப் பற்றி அடையாளம் தெரியும்படி நீங்கள் எழுதும் ஒரு பத்தி அவரை நாடு கடத்தப் போதுமானது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். வகுப்புக்காக எழுதும் அனுபவக் குறிப்பேட்டுக்குப் பெரும்பாலும் நெறிக்குழு அனுமதி கேட்கமாட்டார்கள். ஆனால் அதே விவரங்களை ஆய்வேட்டில் பயன்படுத்தும் எண்ணம் துளி இருந்தாலும், தொடங்கும் முன்பே பேராசிரியரிடம் சொல்லி விண்ணப்பம் போடுங்கள். தகவலைத் திரட்டிவிட்டுப் பின்தேதியிட்டு அனுமதி வாங்க முடியாது. நெறிக்குழுவின் அனுமதி, அமைப்பின் அனுமதி, அந்தந்த மனிதரின் ஒப்புதல் மூன்றும் தனித்தனி. ஒன்று கிடைத்தால் மற்றவை கிடைத்ததாக ஆகாது. மையத்தின் இயக்குநர் தலையசைத்தது அங்கே வருகிறவர்களின் சார்பில் அல்ல.

அப்படியானால் வேலை செய்யும் இடத்தில் ஆய்வே செய்யக் கூடாதா? செய்யலாம், பார்வையைக் கொஞ்சம் திருப்பினால் போதும். லாரா நேடர் என்ற மானுடவியலாளர் 1972-இல் ஒரு கேள்வி கேட்டார்: ஏன் எப்போதும் அதிகாரம் இல்லாதவர்களையே ஆய்வு செய்கிறோம், அதிகாரம் செலுத்துகிறவர்களை ஏன் செய்வதில்லை? கனடாவில் பணியாற்றிய சமூகவியலாளர் டோரதி ஸ்மித் இன்னொரு வழியைக் காட்டினார். படிவங்கள், கோப்புகள், விதிமுறைகள் ஒரு சாதாரண மனிதரின் நாளை எப்படி வடிவமைக்கின்றன என்று தேடிப் போகச் சொன்னார். வீட்டுவசதிக்கு விண்ணப்பிக்கும் பெண்ணின் துயரக் கதையைக் கேட்பதைவிட, அந்த விண்ணப்பத்தின் எட்டாவது கேள்வி ஏன் அங்கே இருக்கிறது, அதை யார் எழுதினார்கள், அதற்குச் சரியான பதில் இல்லாதவர்கள் எங்கே அனுப்பப்படுகிறார்கள் என்று பாருங்கள். ஊழியர்களிடம் கேட்கலாம், கூட்டங்களில் உட்காரலாம், அனுமதியோடுதான். இதில் கிடைக்கும் கட்டுரை பெரும்பாலும் ஆழமாக இருக்கும், அந்தப் பெண்ணுக்கும் அது ஒருநாள் பயன்படலாம்.

சேவையும் ஆய்வும் சேர்ந்து நல்லது நடந்ததற்குப் பழைய உதாரணமே இருக்கிறது. 1889-இல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவின் குடியேறிகள் பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தைத் தொடங்கி, அங்கேயே குடியிருந்தார்கள். அங்கே தங்கியிருந்த ஃபுளோரன்ஸ் கெல்லி சுற்றுப்புறத்துத் தையல் கூடங்களின் நிலையைத் திரட்டினார். 1893-இல் இல்லினாய் மாநிலம் தொழிற்சாலைச் சட்டம் கொண்டுவந்ததில் அந்த உழைப்புக்குப் பங்கு உண்டு. அவரே முதல் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளரும் ஆனார். அவர்கள் அந்தத் தெருவில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள். ஒரு செமஸ்டருக்கு வரும் நமக்கு அந்த உரிமை இல்லை, அதனால் ஆசையையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கடினமான குரலும் இருக்கிறது. 1968-இல் மெக்சிகோவில், கிராமங்களுக்கு உதவப் புறப்பட்டிருந்த அமெரிக்க மாணவர்களிடம் இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர், சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவுவதற்காக வராதீர்கள் என்ற பொருளில் பேசினார். அவர் சொன்னதை முழுவதும் நான் ஏற்கவில்லை. ஆனாலும் சேரும் முன் ஒவ்வொருவரும் அதோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

குழந்தைகள் இல்லங்களில் ஓரிரு மாதம் தன்னார்வப் பணி என்று வரும் விளம்பரங்களைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும் குழந்தைகளையே இல்லங்களில் சேர்த்து, வெளிநாட்டுத் தன்னார்வலர்களைக் காட்டிப் பணம் திரட்டும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இதையும் அதன் வடிவங்களில் ஒன்றாகக் கண்டது. பணம் கட்டிச் சேரும் ஏற்பாடு, யாரும் வரலாம், ஒழுங்கான சரிபார்ப்பு இல்லை என்று மூன்றும் சேர்ந்திருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

களக்குறிப்பு பற்றி. அன்றன்றைக்கே எழுதுங்கள். தூங்கி எழுந்தால் பேச்சின் சொற்கள் போய்விடும், கருத்து மட்டும்தான் மிஞ்சும். பார்த்ததையும் கேட்டதையும் ஒரு பக்கம், அதைப் பற்றி நீங்கள் நினைப்பதை இன்னொரு பக்கம் எழுதினால் பின்னால் இரண்டும் குழம்பாது. உண்மைப் பெயர்கள் வேண்டாம். பெயர் மாற்றிய பட்டியலை வேறிடத்தில் வையுங்கள். ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் எனும் தனிநபர் தகவல் பாதுகாப்பு விதிப்படி ஒருவரின் இனம், மதம், உடல்நலம், அரசியல் கருத்து ஆகியவை சிறப்புப் பாதுகாப்புள்ள தகவல்கள். நம் துறையில் எழுதுவதில் முக்கால்வாசி இவைதான்! கைப்பேசியில் குரல்பதிவு செய்து, அது தானாகவே ஏதோ ஒரு கணக்கில் ஏறிக்கொண்டிருக்க விடாதீர்கள். பல்கலைக்கழகம் தரும் பாதுகாப்பான சேமிப்பிடத்தைப் பயன்படுத்துங்கள்.

அடிக்கடி வரும் சில கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

"எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள், செய்யலாமா?" வரவேற்பறையில் வழி சொல்வது, கூட்ட அறிவிப்பைப் படித்துக் காட்டுவது, சரி. அடைக்கல மனு, நீதிமன்றம், மருத்துவரின் அறை என்றால் மறுத்துவிடுங்கள். ஒரு தேதி மாறிப் போனாலும் ஒருவரின் மனுவே நிராகரிக்கப்படலாம். அதற்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் பணிவாகச் சொன்னால் அவர்களுக்கே புரியும். அந்த அறையில் கேட்டது எதுவும் உங்கள் குறிப்பேட்டில் வரக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

"சம்பளமில்லாமல் செய்ய வசதி இல்லை." இது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. சம்பளமில்லாத பயிற்சி எடுப்பவர்களுக்கு உதவித்தொகை தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு, கரியர் அலுவலகத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பாடத்தோடு சேர்ந்த சர்வீஸ் லேர்னிங்கை எடுங்கள். வாரத்தில் சில மணி நேரம்தான், கிரெடிட்டும் உண்டு, பகுதிநேர வேலையையும் விட வேண்டியதில்லை.

"இதைப் படித்தால் என்ன வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள்." பொதுச் சுகாதாரம், அருங்காட்சியகம், குடியேறிகளுக்கான சேவை, நகரத் திட்டமிடல், பயனர் ஆய்வு. 1980களிலேயே ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் லூசி சுச்மன் என்ற மானுடவியலாளர், நகலெடுக்கும் இயந்திரத்தின் முன்னால் மனிதர்கள் எப்படித் திண்டாடுகிறார்கள் என்று கவனித்தார். இயந்திர வடிவமைப்பைப் பற்றிய சிந்தனையே அதனால் மாறியது. வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

"நேர்முகத்தில் நான் என்ன கேட்க வேண்டும்?" என்னை நேரடியாக வழிநடத்தப் போவது யார், அவர் வாரம் ஒருமுறையாவது பேசுவாரா? போன மாணவர் என்ன செய்தார், அது இப்போது பயன்பாட்டில் இருக்கிறதா? நான் போன பிறகு இந்த வேலையை யார் தொடர்வார்கள்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், நீங்கள் பாதியில் விட்டுவிட்டுப் போகப்போகும் ஒரு வேலையைத்தான் தருகிறார்கள்.

முடிக்கும்போது அமைப்புக்கு இரண்டு பக்கத்தில் எளிய மொழியில் ஓர் அறிக்கை கொடுங்கள். ஆய்வேட்டை அனுப்பி வைத்தால் யாரும் படிக்கமாட்டார்கள். உங்களோடு பழகியவர்களிடம் கிளம்பும் தேதியைச் சில வாரங்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எந்த நாடு, எந்த விசா, எந்தப் பாடம் என்று கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.