புதுப்பிப்பு: தங்கச்சியின் குழந்தைக்கு இரண்டாவது இரத்தப் பரிசோதனை

போன கிழமை எழுதியிருந்தேனே, தங்கச்சியின் குழந்தைக்குக் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தில் டிஎஸ்எச் (தைரொயிட் சுரப்பியைத் தூண்டும் ஹோர்மோன்) கூடுதலாக இருந்ததால், திரும்ப எடுக்கச் சொன்னார்கள் என்று. முடிவு வந்துவிட்டது: சாதாரணம். பிறந்த முதல் நாளில் டிஎஸ்எச் தானாகவே ஏறி இறங்கும். முதல் மாதிரி அந்த நேரத்தில் எடுத்தது. உண்மையிலேயே தைரொயிட் குறைபாடு என்றால் 2 கிழமைக்குள் மருந்து தொடங்க வேண்டும், மூளை வளர்ச்சி காத்திருக்காது.

உப்பில் கிடைக்கும் அயடீன் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள்; தைரொயிட் வேலை செய்ய அயடீன் வேண்டுமே. பிறந்து 3, 4 நாளில் எடுக்கும் மாதிரிகளில் 3 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் டிஎஸ்எச் லீற்றருக்கு 5 மில்லி அலகைத் தாண்டினால், அந்த ஊருக்கே அயடீன் போதவில்லை என்று கணிப்பார்கள். நாங்கள் இருக்கும் ஊரின் பெயரோ உப்புவெளி! அம்மா அடுப்படியில் திறந்த சிரட்டையில் உப்பு வைத்திருந்தா; அப்படி வைத்தால் சூட்டிலும் ஈரத்திலும் அயடீன் குறைந்துவிடும். இப்போது மூடி போட்ட போத்தல், கறி இறக்கும்போதுதான் உப்பு. சிரட்டையை எறிந்த கோபம் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.