மனைவி எதிர்த்துப் பேசினால் மரியாதைக் குறைவா?

அபூ_சஃபர்: அஸ்ஸலாமு அலைக்கும். கணவன் கனிவாக நடக்க வேண்டும் என்று எல்லா உரைகளிலும் கேட்கிறோம், சரி. ஆனால் ஆண்களே பெண்களை நிர்வகிப்பவர்கள் என்கிறது குர்ஆன் 4:34. முதலில் மனைவி கட்டுப்படட்டும், கனிவு தானாக வரும். எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறவளிடம் எப்படி அன்பு காட்டுவது?

மழைத்துளி: வ அலைக்குமுஸ்ஸலாம். சகோதரரே, அதே அத்தியாயத்தின் 19ஆம் வசனத்தையும் பாருங்கள். மனைவியரோடு நல்ல முறையில் வாழுங்கள் என்று சொல்லிவிட்டு, நீங்கள் அவர்களை வெறுத்தாலும், வெறுக்கும் ஒன்றில் அல்லாஹ் ஏராளமான நன்மையை வைத்திருக்கக்கூடும் என்கிறது. மனம் கசந்த நாளுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கட்டளை. நீங்கள் போடும் நிபந்தனை அதில் இல்லை. நபித்தோழர் உமர் (ரலி) அவர்களும் தம் மனைவி பதில் பேசியதற்குக் கோபப்பட்டார். "நபியின் மனைவியரே அவரிடம் பதில் பேசுகிறார்களே" என்றார் அந்த அம்மையார். நபிமொழித் தொகுப்பான புகாரியில் இருக்கிறது.

அபூ_சஃபர்: அது நபி (ஸல்) அவர்களின் பொறுமை. எல்லோருக்கும் வருமா? யாராவது ஒருவர் முடிவெடுத்தால்தானே குடும்பம் நடக்கும்?

தாரிக்77: இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கு பேர் முன்னால் கணவனை மட்டம் தட்டுகிற மனைவிக்கு யாரும் புத்தி சொல்வதில்லை. அதுவும் மனதை நோகடிக்கும்.

மழைத்துளி: தாரிக், நூற்றுக்கு நூறு உண்மை. ஒருவருக்கொருவர் ஆடை என்று 2:187 சொல்வது இருவருக்கும்தான். அவள் குறையை அவனும், அவன் குறையை அவளும் மறைக்க வேண்டும்.

அபூ சஃபர், முடிவெடுங்கள், ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள். ஹிஜ்ரி 6இல், மக்காவினரோடு செய்த ஹுதைபிய்யா உடன்படிக்கை முடிந்ததும் பலியிட்டுத் தலைமுடி களையச் சொல்லி நபியவர்கள் மூன்று முறை ஆணையிட்டும் தோழர்கள் எழவில்லை. கூடாரத்துக்குள் போய்த் தம் மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் வருத்தத்தைச் சொன்னார்கள். "யாரிடமும் பேசாமல் நீங்கள் முதலில் செய்யுங்கள்" என்றார் அவர். அப்படியே செய்தார்கள், எல்லோரும் எழுந்தார்கள். அன்று தலைவர் யார் என்பதில் யாருக்காவது சந்தேகம் வந்ததா?

அபூ_சஃபர்: அந்த நிகழ்வை நான் மறுக்கவில்லை. ஆலோசனை கேட்பது நல்லதுதான். ஆனால் கேட்டே ஆக வேண்டும் என்று கடமை போலப் பேசுகிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

மழைத்துளி: இரண்டு வயதுக்கு முன் குழந்தைக்குப் பாலை நிறுத்துவதைக்கூட இருவரும் கலந்து பேசிச் சம்மதித்துச் செய்யச் சொல்கிறது 2:233. வீட்டில் வேறு எதை அவளிடம் கேட்காமலே முடிவு செய்யலாம் என்கிறீர்கள்? ஒன்று சொல்லுங்கள், பேசுவோம்.