மூன்று வயது மகளுக்கு ஃப்ளூ ஊசி போடலாமா? வீட்டில் ஆளுக்கொரு பேச்சு

கோவைப்பொண்ணு:
ப்ளே ஸ்கூலில் சேர்த்ததிலிருந்து என் மகளுக்கு மூக்கு ஒழுகாத வாரமே இல்லை. இப்போது அவள் வகுப்பில் ஒரு பையனுக்கு எச்1என்1, அதாவது பன்றிக்காய்ச்சல் என்று உறுதியாகிவிட்டது. டாக்டர், ‘மழைக்கு முன்னாடி ஃப்ளூ ஊசி போட்டுடலாம்மா, ரெண்டு டோஸ்’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். விலை கேட்டதும் மயக்கமே வந்தது. சரி, பணத்தை விடுங்கள். பன்றிக்காய்ச்சல் ஊசி போட்ட பின்லாந்துக் குழந்தைகள் பகலிலேயே தூங்கி விழுகிறார்களாம், மாமனார் வாட்ஸப்பில் காட்டினார். ‘தேவைன்னா கவர்மெண்டே இலவசமா போட்டிருக்குமே’ என்றும் கேட்கிறார். கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். தடுப்பூசி அட்டையைப் பார்த்தால் ஒன்றரை மாதத்திலேயே ‘இன்ஃப்ளூயன்சா’ என்று ஒரு வரி இருக்கிறது. பிறகு மறுபடி எதற்கு?

இரட்டைவால்:
எங்கள் பையனுக்குப் போன வருஷம் போட்டோம். அன்று ராத்திரி லேசாகச் சுரம், காலையில் சரியாகிவிட்டது. ஆனால் சளி மட்டும் மாசாமாசம் வந்துகொண்டேதான் இருக்கிறது. என்னைக் கேட்டால் தண்டச்செலவு.

ஊசிக்கார அக்கா:
நான் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இரட்டைவால் தம்பி, சாதாரணச் சளிக்கு வேறு வைரஸ்கள். அதை இந்த ஊசி தடுக்காது. நாலு நாள் கொதிக்கிற காய்ச்சல், மூச்சு இரைத்து ஆஸ்பத்திரியில் படுப்பது, இதைக் குறைக்கத்தான் இது. அப்படியும் நூற்றுக்கு நூறு என்று யாரும் சொல்ல முடியாது.

கோவைப்பொண்ணு, அட்டையில் இருப்பது ஹிப், அதாவது ‘ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி’. ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பெண்டாவேலன்ட் ஊசிக்குள் வருவது, ஒரு பாக்டீரியாவுக்கு எதிரானது. பெயர்தான் ஒன்றுபோல, ஃப்ளூ வைரஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் மாமனார் காட்டியது முழுப் பொய்யும் இல்லை. 2009இல் பன்றிக்காய்ச்சல் புதிதாகப் பரவியபோது ஐரோப்பாவில் பாண்டம்ரிக்ஸ் என்று ஒரு ஊசி போட்டார்கள். வீரியம் கூட்ட ஏஎஸ்03 என்ற துணைப்பொருள் கலந்தது. பின்லாந்திலும் ஸ்வீடனிலும் அதைப் போட்டுக்கொண்ட பிள்ளைகளிடம் நார்கோலெப்சி என்ற தூக்க நோய் வழக்கத்தைவிட அதிகமாக வந்தது. 2010 ஆகஸ்டில் பின்லாந்து அதை நிறுத்திவிட்டது. நம் ஊரில் இப்போது குழந்தைகளுக்குப் போடுவது அந்த ஊசி இல்லை, இதில் அந்தத் துணைப்பொருளும் கிடையாது. அவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். ‘எல்லாம் வதந்தி’ என்று அடித்துப் பேசினால் அப்புறம் எதையும் நம்ப மாட்டார்.

இலவசப் பட்டியலில் இல்லை என்பதெல்லாம் ஒரு வாதமா? நிமோனியா ஊசி நாடு முழுக்க இலவசமானதே 2021இல்தான். அதற்கு முன்பு காசு கொடுத்துப் போட்டவர்கள் எல்லாம் ஏமாளிகளா? ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போடச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். 2009இன் அந்தப் புது வைரஸ்தான் இன்று வருஷாவருஷம் சுற்றுகிற ஃப்ளூக்களில் ஒன்று. இந்த ஊசியில் அதுவும் உண்டு.

முதல் தடவை என்பதால் நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ். எதிர்ப்பு வர மேலும் இரண்டு வாரம் பிடிக்கும். ஐப்பசி மழைக்குள் வேண்டுமென்றால் ஆவணியிலேயே ஆரம்பித்துவிடுங்கள். மூக்கு ஒழுகுவதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், நல்ல காய்ச்சல் இருந்தால் மட்டும் பொறுங்கள். ஃப்ளூ வைரஸ் மாறுவதால் ஊசியின் கலவையையும் அவ்வப்போது மாற்றுவார்கள். பெட்டியில் எந்த வருஷத்துக் கலவை என்று அச்சிட்டிருக்கும், காட்டச் சொல்லிப் பாருங்கள். மெடிக்கலில் வாங்கி வெயிலில் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து, கிளினிக் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் போடுவதுதான் நல்லது.

கோவைப்பொண்ணு:
ரொம்ப நன்றி அக்கா. மாமனாரிடம் படித்துக் காட்டினேன். ‘பார்த்தியா, நான் சொன்னது பொய்யில்லைன்னு அந்தம்மாவே சொல்றாங்க’ என்று அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்! ஆனால் பேத்திக்குப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கு 71 வயது, சர்க்கரையும் இருக்கிறது. அவரும் போட்டுக்கொள்ளலாமா?

ஊசிக்கார அக்கா:
கட்டாயம். பெரியவர்களுக்கு ஒரு டோஸ் போதும். சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பேத்தியைக் கூட்டிப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள்.